கல்லும் காரையும் – 17: பழுதுபார்த்ததில் வந்த பழுது

நூற்றைம்பது ஆண்டுக் கட்டடம் ஒன்று பொரிந்து உதிரத் தொடங்கினால் பழியை வயதின் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மழை, வெயில், கடல் உப்பு, சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று எல்லாம் கேடு செய்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய கட்டடங்களை மீட்டெடுக்கும் வேலையை உற்றுப் பார்த்தால், அதில் கணிசமான பங்கு முன்பு மராமத்து செய்ய வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு அப்பிவிட்டுப் போனதைச் சுரண்டி எடுப்பதிலேயே கழிகிறது. காலம் செய்த தீங்கைவிட, பொருந்தாத மராமத்து செய்த தீங்கு பெரிது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். சென்ற இதழில் பெரியாறு அணையின் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையைப் பார்த்தோம். இந்த வாதத்துக்கு வாகான கட்டடமான பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபம் மும்பையில் நிற்பதால் கம்பம் பள்ளத்தாக்கை விட்டுச் சற்று வெளியே போகவேண்டியிருக்கிறது. அணையை வைத்தே இந்த வாதத்தை மறுக்கவும் முடியும் என்பதால் திரும்பியும் வருவோம்.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857-இல் தொடங்கியவை. வகுப்பு நடத்துவது கல்லூரிகளின் பாடு. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதே பல்கலைக்கழகத்தின் வேலை என்பதால் தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் இல்லாமலே காலம் ஓடியது. பம்பாய்க்குப் பணம் வந்த வழி விசித்திரமானது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து லங்காஷையர் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு நின்றுபோக, இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது. பம்பாய் வணிகர்கள் கையில் பணம் புரண்டது. பார்சி வணிகரான கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி, பட்டமளிப்பு மண்டபத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். பிரேம்சந்த் ராய்சந்த் நூலகத்துக்கு இரண்டு லட்சமும், தம் தாயார் ராஜாபாய் பெயரில் எழுந்த மணிக்கூண்டுக்கு இரண்டு லட்சமும் கொடுத்தார். 1865-இல் போர் முடிந்ததும் பஞ்சு விலை சரிந்து பம்பாயில் பலர் மஞ்சள் கடுதாசி கொடுக்க நேர்ந்தது. பிரேம்சந்தும் அந்தச் சரிவில் அடிபட்டார். கொடுத்த பணம் மட்டும் கல்லாகித் தப்பித்துக்கொண்டது.

மண்டபத்துக்கு வரைபடம் போட்டவர் லண்டனின் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்து ஹோட்டலைக் கட்டிய அதே ஆள். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வரைபடங்கள் கப்பலேறி வந்தன, இங்கே இருந்து கட்டி முடித்தவர்கள் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு கோதிக் பாணியில் 1869-இல் தொடங்கி 1874-இல் முடிந்தது. நீளம் 104 அடி, அகலம் 44 அடி, உயரம் 63 அடி. கூர்முனை வளைவுகள், மூன்று பக்கமும் அலங்கார இரும்புத் தாங்கிகள் மேல் ஓடும் மாடம், இருபதடி விட்டமுள்ள வட்டச் சாளரம், அதன் வண்ணக் கண்ணாடியில் பன்னிரண்டு ராசிகள். பக்கத்து நூலகமும் 280 அடி மணிக்கூண்டும் 1878-இல் முடிந்தன. இன்று எதிரே தெரியும் ஓவல் மைதானத்துக்கு அப்பால் அன்று கடல்தான் இருந்தது. அதை நிரவி வீடுகள் எழுந்தது பிற்பாடு. ஆக ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து அறைகிற முகப்பு அது.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. ஸ்காட்டின் பெயர் இங்கிலாந்தில் புதுக் கட்டடங்களுக்காக மட்டும் அறியப்பட்டதல்ல. இடைக்காலத் தேவாலயங்களைப் 'புதுப்பிப்பதில்' அவருக்கு இணை யாருமில்லை என்பார்கள். பிற்காலத்தில் சேர்ந்த பகுதிகளை இடித்துவிட்டு, முதலில் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாம் கருதினாரோ அப்படிக் கட்டித் தருவது அன்றைய வழக்கம். ட்யூக்ஸ்பரி மடாலயத்தில் அவர் கைவைக்கப்போகிறார் என்று 1877-இல் கேள்விப்பட்டு கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் வெகுண்டெழுந்தார். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் பிறந்தது அந்தக் கோபத்தில்தான். மழையோ காற்றோ புகாமல் காத்து அன்றாடப் பராமரிப்பைச் செய், அதற்கு மேல் உன் கற்பனையைக் கட்டடத்தின் மேல் ஏற்றாதே என்பது அச்சங்கத்தின் நிலை. அடுத்த ஆண்டே ஸ்காட் இறந்துபோனார். தம் வாழ்நாளில் மற்றவர் கட்டடங்களுக்கு அவர் செய்ததை அவர் கட்டடத்துக்கு யாரும் செய்துவிடக் கூடாது என்ற கவலை, நூற்றாண்டு கடந்து மும்பையில் வேலை செய்தவர்களுக்கு வந்திருக்கிறது.

ஸ்காட் காலத்துப் புதுப்பித்தலைவிட மோசமானதொன்று இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அது சிமெண்ட். இதைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பின் குணத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறிப் பொடியும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், விட்ட வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சி மறுபடி கல்லாகும். இதற்கு மாதங்கள், கனத்த சுவரென்றால் ஆண்டுகள் ஆகும். இந்தத் தாமதத்தைக் குறை என்று சொல்வார்கள். ஆனால் அடித்தளம் சற்று இறங்கினாலும், வெயிலில் சுவர் விரிந்து இரவில் சுருங்கினாலும், சுண்ணாம்புக் காரை அதற்கேற்ப இடம் கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த விரிசலிலேயே கொண்டுபோய்ப் படியவைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுவருக்குள் போன ஈரம் காரை வழியாக வெளியே வந்துவிடும். கல்லைவிடக் காரை மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்களின் கணக்கு. உப்பும் ஓதமும் காரையைத் தின்னட்டும், சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிக்கொள்ளலாம், கல் பிழைத்திருக்கும்.

சிமெண்ட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1824-இல் லீட்ஸ் நகர ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. இந்தியாவில் அதைத் தயாரிக்க முதலில் முயன்றது சென்னையில், 1904-இல், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வெற்றி பெற்றது. மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தின் செதுக்கு வேலைகளுக்குப் போன சுண்ணாம்புக்கல்லும் அதே போர்பந்தரிலிருந்து வந்ததுதான். ஒரே ஊர், முதலில் கல்லை அனுப்பியது, நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கல்லைத் தின்னும் மருந்தையும் அனுப்பத் தொடங்கியது! கல் இடுக்கில் சிமெண்ட் பூசினால் அது கல்லைவிடக் கெட்டியாகவும், நீர் புகாததாகவும் இறுகிவிடும். புகாது என்று சொல்வது பூச்சில் விரிசல் விழும்வரைதான். விழுந்த பிறகு உள்ளே போன நீருக்கு வெளியே வர இடுக்கு இல்லை, கல் வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது கரைந்த உப்பையும் சுமந்து வருகிறது. சிமெண்ட் தன் பங்குக்கும் கொஞ்சம் உப்பைத் தருகிறது. கல்லின் மேல்தோலுக்கு அடியில் நீர் ஆவியாகி உப்பு படிகமாகி விரிய, தோல் அப்பளமாய்ப் பொரிந்து விழுகிறது. செதுக்கிய இலையும் பூவும் முதலில் போகும். சிமெண்ட் பூச்சு மட்டும் அலுங்காமல் நிற்கும். பார்க்கிறவர் கல் சரியில்லை என்பார், இன்னும் கொஞ்சம் சிமெண்ட் கேட்பார்.

இந்தக் கதை சிமெண்டோடு நிற்பதில்லை. ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலை 1898-இலிருந்து பல ஆண்டுகள் செப்பனிட்ட நிக்கோலாஸ் பலானோஸ், சிதறிக் கிடந்த பளிங்குத் துண்டுகளை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்பைத்தான் வைத்தார்கள், ஆனால் ஈயம் வார்த்து மூடி வைத்தார்கள். பலானோஸ் அதை விட்டுவிட்டார். இரும்பு துருப்பிடித்து ஊதிப் பளிங்கைப் பிளந்தது. 1975-இல் அமைந்த குழுவும் அதன் பின் வந்தவர்களும் பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலையில் பெரும்பாடு அந்தக் கவ்விகளை எடுத்து டைட்டானியம் வைப்பதுதான். அஜந்தாவிலும் இதே கதை. நிஜாமின் அழைப்பில் 1920-இல் வந்த இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களைக் காக்க அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது மஞ்சளித்து, தூசியைப் பிடித்து, ஓவியத்தை மங்கவைத்தது. பிறகு வந்த தொல்லியல் துறை வேதியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் கல்தூண்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்ததையும், அதன் மேல் எனாமல் பெயிண்ட் ஏற்றியதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் யாரும் கெடுக்க நினைத்தவர்கள் அல்லர். அவரவர் காலத்தில் சிறந்தது என்று நம்பிய பொருளைத்தான் வைத்தார்கள். சிக்கலே அதுதான்: கட்டடம் எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளின் நடத்தையைக் கேட்காமல், தம் காலத்தின் நம்பிக்கையைக் கேட்டார்கள்.

மும்பை மண்டபத்தை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கட்டடப் பாதுகாப்பு நிபுணர் ஆபா நாராயண் லாம்பா தலைமையில் மீட்டெடுத்தார்கள். 2007-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. நூலகத்தையும் மணிக்கூண்டையும் டாடா கன்சல்டன்சி நிறுவனத்தின் நிதியில் பிருந்தா சோமயாவின் குழு 2015-இல் முடித்தது. 2018-இல் அதே விருதுகளில் அதற்கும் அங்கீகாரம் வந்தது. அந்த ஆண்டே ஓவலைச் சுற்றியுள்ள கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி உலக மரபுச் சின்னமானது. விருதுகளைவிட இத்தகைய வேலையின் முறைதான் நமக்கு வேண்டியது. கல் இடுக்கில் இறுகிய சிமெண்டை மின்வாளால் அறுத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு சுவரை முடிக்கலாம், ஆனால் கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும். அதனால் சிற்றுளியும் சுத்தியலுமாக விரல்கடை விரல்கடையாகத் தட்டி எடுக்கிறார்கள். எடுத்த இடுக்கைக் கழுவி, ஈரமாக்கி, சுண்ணாம்புக் காரையை உள்ளே அழுத்தித் திணித்து, வெயில் படாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கிறார்கள். வண்ணக் கண்ணாடிக்கு வேறு வகைப் பொறுமை வேண்டும். சட்டத்தோடு இறக்கி, மேலே தாளை வைத்துத் தேய்த்து ஈயக்கோடுகளை அச்செடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, தளர்ந்து வளைந்த ஈயப் பட்டையைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, புதிய ஈயத்தில் மறுபடி கோத்து ஏற்ற வேண்டும். ஒரு சாளரத்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே வரும், வர வேண்டியதும்தான். சுண்ணாம்பு அவ்வளவு நல்லதென்றால் பெரியாறு அணைக்கு ஏன் கான்கிரீட் தேவைப்பட்டது? நியாயமான கேள்வி. குருவனூத்துப் பக்கம் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் கயிற்றுப்பாதையில் மலைக்கு மேலே ஏற்றி, பொறியாளர் பென்னிகுவிக்கின் ஆட்கள் 1895-இல் முடித்த அணை அது. 1930-களிலேயே அதன் உடலில் துளையிட்டு சிமெண்ட் பால் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி வைத்து, எஃகு வடங்களால் பாறையோடு இழுத்துக் கட்டி, பின்புறம் கான்கிரீட் தாங்குசுவரும் எழுப்பினார்கள். அந்த வலுப்படுத்தலைக் கணக்கில் கொண்டுதான் 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி நீரை அனுமதித்தது. பழனிசெட்டிபட்டியை ஒட்டி ஓடும் முல்லையாற்றில் இன்று வரும் நீரே அதற்குச் சாட்சி. ஆனால் அணையும் மண்டபமும் ஒன்றல்ல. அணையின் வேலை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்பது. அதன் எடைதான் அதன் பலம். பின்னால் கான்கிரீட்டைச் சேர்த்தது எடையைக் கூட்டுவதற்காக, கசியும் நீர் வடிய வழியும் வைத்துத்தான். அதன் உடல் உலரவே வேண்டியதில்லை. மண்டபச் சுவர் நான்கு மாதம் நனைந்து எட்டு மாதம் உலர வேண்டும். பழைய பொருளோடு புதியது சேரும்போது அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுச் செய்தார்களா என்பதே அளவுகோல். அணையில் கேட்டுச் செய்தார்கள். மழையில் நனையும் கல் மண்டபத்தின் இடுக்கில் சிமெண்ட் வைக்கிறவர் கேட்பதில்லை. சுண்ணாம்பு எங்கும் எதற்கும் போதும் என்று இந்தத் தொடர் எப்போதும் சொன்னதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட நுட்பமானது. எந்த ஆண்டுக்குத் திருப்புவீர்கள்? 1874-க்கா? அப்படியானால் மின்விசிறியும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் போகட்டுமா? பின்னால் சேர்ந்ததெல்லாம் கழற்ற வேண்டியதென்றால், ஸ்காட் செய்த அதே பிழையைத்தானே நாமும் செய்கிறோம்? இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மண்டபம் ஒவ்வொரு தலைமுறையிடமும் ஏதாவது வாங்கிக்கொள்கிறது, அதுவும் அதன் வரலாறுதான். 1930-இல் தொங்கவிட்ட விளக்கு அழகாக இருந்து யாருக்கும் கேடு செய்யாமல் இருந்தால் அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் கல்லை அரிக்கும் பூச்சை வரலாறு என்று சொல்லி விட்டுவைக்க முடியாது. எது எந்த ஆண்டில் வந்தது என்பதைவிட, அது அடுத்ததை அரிக்கிறதா, நாளை வேண்டாமென்றால் சேதமில்லாமல் எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகள் போதும். சுண்ணாம்புக் காரையை எடுக்கலாம். சிமெண்டை எடுக்கும்போது கல்லின் ஒரு பகுதியும் அதோடு வரும். இந்த ஒரு வேறுபாட்டில் பாதி விவகாரம் தீர்ந்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்பில் சூடு அதிகம். வெள்ளைக்காரன் ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் பார்த்துப் போட்ட நகல், அதற்கு ஏன் நம் பணம்? நகல் என்பது சரி. ஆனால் நகலெடுத்த இடத்தில் நம் வெயில் புகுந்திருக்கிறது. நிழலுக்காகவும் காற்றுக்காகவும் இங்கே சேர்ந்த திறந்த தாழ்வாரங்கள் பிரான்சின் மாதிரியில் இருந்தவை அல்ல. ராஜாபாய் கோபுரத்தில் மேற்கிந்தியச் சாதியினரின் உருவங்களைச் சமைத்தவர் உதவிப் பொறியாளரான முகுந்த ராமச்சந்திரா. பணம் இங்கத்தியது, கல் இங்கத்தியது, கை இங்கத்தியது. சென்னையில் இந்தக் கலப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்துக்கு 1864-இல் போட்டி வைத்து ராபர்ட் சிஷோமின் வரைபடத்தைத் தேர்ந்தார்கள். 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் அவர் கோதிக்கை ஒதுக்கிவிட்டு, பைசாந்தியக் கூறுகளையும் இந்தோ-சாரசனிக் பாணியையும் இணைத்தார். 1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்றபோது சென்னைச் சட்டமன்றம் கூடியது அங்கேதான். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை நம் பள்ளத்தாக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் இருந்தது. 1956-இல் தொடங்கிய உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் முதல் பத்தாண்டும் அதில் அடங்கும். இந்த மாவட்டத்தின் மூத்த பட்டதாரிகளின் சான்றிதழில் இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. அந்நியன் கட்டடம் என்று கைகழுவ நினைக்கிறவர் அந்தச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டை ஒட்டி அந்த இல்லத்தையும் செப்பனிட்டார்கள்.

கடைசியாகச் செலவும் ஆளும். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்லை, காலம் பிடிக்கும், கட்டுப்படியாகாது என்பது ஒப்பந்ததாரர் முதல் பொறியாளர் வரை எல்லோரும் சொல்வது. காலம் பிடிக்கும் என்பது உண்மை. சுண்ணாம்பை வாரக்கணக்கில் நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு அரைத்தால்தான் பதம் வரும். நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் பில் போட வேண்டிய வேலைக்கு அது ஒத்துவராது. ஆனால் கட்டுப்படியாகாது என்ற கணக்கில் முதல் ஆண்டுச் செலவு மட்டுமே இருக்கிறது. பதினைந்து ஆண்டில் பூச்சு விட்டுப்போய், இன்னும் பதினைந்து ஆண்டில் கல்லும் போய், செதுக்கிய கல்லுக்குப் புதுக்கல் தேடும் செலவை யாரும் அதில் கூட்டுவதில்லை. ஆள் இல்லை என்பதற்குச் சேப்பாக்கம் பதில் சொல்லிவிட்டது. 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை சரிந்த, சேப்பாக்கம் அரண்மனைக் கட்டடமான கலச மகாலைப் பொதுப்பணித்துறையே சுண்ணாம்புக் காரையில் திரும்ப எழுப்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே நடக்கிறது. வேலை இருந்தால் கை வந்துவிடுகிறது. வேலை வரவேண்டுமானால் சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் அரைப்புக் கூலிக்கும் அரசின் விலைப்பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத இடத்தில் பொறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சிமெண்டைத்தான் எழுதுவார், தணிக்கையில் அவரைக் காப்பது அதுதான். கலச மகாலில் கருகிய சுவரின் மேல் புதுக்காரை எப்படி ஒட்டியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.